பிடித்த இடம், விட்ட இடம்

ஜூன் 9, திங்கள்

இன்று வேலையில் சேர்ந்தேன். நகராட்சியில் இளநிலை உதவியாளர், கருணை அடிப்படையில். கையெழுத்து போடும்போது பேனா எழுதவில்லை. மேலாளர் வேறு பேனா கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் பதினாறு வருடம் குடிநீர்ப் பிரிவில் இருந்தார். அங்கேதான் போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். பொது சுகாதாரப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். தெருநாய்க் கருத்தடை மையத்தில் பதிவேடு எழுத வேண்டும்.

துப்புரவு ஆய்வாளர் அந்தோணிராஜ் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “வேற பிரிவு கேட்டு வாங்கித் தரட்டாம்மா? கமிஷனர்கிட்ட நான் பேசறேன்” என்றார்.

“எதுக்குங்க சார்?”

அவர் மேசையில் நேராக இருந்த கோப்புகளை மறுபடி நேராக்கினார்.

சாயங்காலம் சந்தை வழியாகச் சுற்றி வரும் பேருந்தில் வந்து, நிலையத்திலிருந்து நடந்தேன். வாய்க்கால் ரோட்டு வழியாக வந்தால் இருபது நிமிடம் மிச்சம். நடப்பது உடம்புக்கு நல்லது.

ஜூன் 10

மையம் உரக்கிடங்குக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருக்கிறது. நாற்பது கூண்டுகள். டாக்டர் நஸ்ரீன் சின்ன வயசுப் பெண், வெளியூர். நாய் பிடிப்பதும் வண்டி ஓட்டுவதும் குப்புராஜ், ஒப்பந்தத் தொழிலாளி. காலையில் பெரிய குண்டாவில் அரிசியும் கோழிக் கழிவும் மஞ்சள்தூள் போட்டு வேகிறது. அந்த வாசனையில் எல்லாம் ஒரே நேரத்தில் குரைக்கின்றன.

பதிவேட்டை டாக்டர் விளக்கினார். எண், ஆணா பெண்ணா, நிறம், பிடித்த இடம், அறுவை செய்த நாள், அடையாளத்துக்குக் காது வெட்டு, விட்ட இடம்.

“பிடிச்ச இடமும் விட்ட இடமும் ஒண்ணா இருக்கணும். அதுதான் சட்டம். வேற இடத்துல விட்டா அங்க இருக்கற நாய்ங்க இதைக் கடிச்சுப் போட்டுடும். இங்க காலியான இடத்துக்குப் புதுசா வேற வந்துடும். நாம பண்ணதெல்லாம் வீணாயிடும்.”

சரி என்றேன்.

ஜூன் 13

இன்று தணிக்கை. அறுவையில் எடுத்த உறுப்புகளை மருந்துத் தண்ணீர் ஊற்றி வாளியில் போட்டு வைத்திருக்கிறார்கள். பதிவேட்டில் எத்தனை நாயோ வாளியிலும் அத்தனை இருக்க வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு நான்தான் எண்ணினேன். கர்ப்பப்பை முப்பத்தொன்று, விதைப்பை இருபத்தாறு ஜோடி. கணக்குச் சரி.

முதல் வாரமே இதைச் செய்தவர் யாருமில்லை என்று டாக்டர் சொன்னார். மதியம் எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன்.

ஜூன் 14

விடுமுறை. மகள் பிரகதிக்கு ஆறாம் வகுப்புச் சீருடை தைத்து வந்தது. இடுப்பு பெரிது. பிடித்துக் கொடுத்தேன்.

அலமாரியைத் துடைத்தேன். டார்ச் இருந்தது. அவர் தினமும் விடிவதற்கு முன்னால் தொட்டி வால்வு திறக்கப் போகும்போது “வாணி, டார்ச் எங்க?” என்று கேட்பார். டார்ச் தினமும் ஒரே இடத்தில்தான் இருக்கும்.

பேட்டரியைக் கழற்றி எறிந்தேன். கசிந்திருந்தது.

ஜூன் 19

ஒன்பது நாய்கள். பேருந்து நிலையம் நான்கு, மீன் மார்க்கெட் ஐந்து.

ஜூன் 24

இன்று ஆறு நாய்கள். பிடித்த இடம் வாய்க்கால் மேட்டு வளைவு.

குப்புராஜ் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் எழுதினேன். ஆண் இரண்டு, பெண் நான்கு. எல்லாம் ஒரே மாதிரி வெளிர் பழுப்பு, தொங்கிய காது, நெஞ்சில் வெள்ளைத் திட்டு.

டாக்டர் ஒன்றின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். “இது தெருநாய் ஜாடையே இல்ல. ஏதோ வீட்டு நாய் போட்ட குட்டிங்க. இது ரெண்டு வயசு, அது ஒரு வயசு. ஒவ்வொரு தடவையும் யாரோ அங்க கொண்டாந்து விட்டுட்டுப் போறாங்க. நாம மாசம் அம்பது பண்ணாலும் இவங்க நிறுத்தலேன்னா தீராது.”

போன வருடம் ஏப்ரல் பதினொன்றாம் தேதி, விடிகாலை ஐந்து மணிக்குக் கால் மணி முன்னால் அந்த வளைவில் என் வீட்டுக்காரர் வண்டிக்குக் குறுக்கே ஒரு நாய்க்குட்டி வந்தது. அவர் அதை ஏற்றாமல் திருப்பினார். ஹெல்மெட் வண்டிக் கொக்கியில் மாட்டியிருந்தது.

வளைவில் மாவு மில் வைத்திருக்கும் வேலாத்தா அக்காதான் முதலில் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தவர். ஆம்புலன்ஸ் வரும்வரை மடியில் தலையை வைத்திருந்தார். காரியத்துக்கும் வந்தார். “கோகிலா, கோகிலான்னு ரெண்டு தடவ சொன்னாருங்க. அதுதான் கடைசி” என்று எல்லோரிடமும் சொல்லி அழுதார். என் மாமியார் இன்னும் வருகிறவர்களிடம் அதைச் சொல்கிறார்.

என் முழுப் பெயர் கோகிலவாணி. பதிவேட்டின் கீழே அப்படித்தான் கையெழுத்து போடுகிறேன்.

ஜூன் 30

ஆறுக்கும் காயம் ஆறிவிட்டது. விடப் போகும் வண்டியில் நானும் ஏறினேன். வாய்க்கால் ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில் நேராகப் போகச் சொன்னேன்.

“மேடம், இங்கதானுங்க விடோணும்.”

“பழைய கல்குவாரிக்குப் போங்க.”

அவர் வண்டியை நிறுத்தினார். பிறகு ஓட்டினார். ஒன்பது கிலோமீட்டர். அங்கே வீடு இல்லை, கடை இல்லை. ஆறும் இறங்கின. ஒன்று வண்டிக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடி வந்தது.

பதிவேட்டில் விட்ட இடம் வாய்க்கால் மேட்டு வளைவு என்று எழுதினேன்.

ஜூலை 1

நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 8

குவாரிப் பக்கம் ஆடு மேய்க்கிறவர் ஒரு நாயைச் சாக்கில் போட்டு மையத்துக்குக் கொண்டுவந்தார். வெளிர் பழுப்பு, காது வெட்டியிருந்தது. கழுத்திலும் வயிற்றிலும் கடி. தையல் பிரிந்திருந்தது. இன்னொன்று அங்கேயே செத்துக் கிடக்கிறது என்றார்.

டாக்டர் ஒரு மணி நேரம் பார்த்தார். நான் ஊசிக் குப்பிகளை எடுத்துக் கொடுத்தேன். அது என் பக்கம்தான் தலை வைத்திருந்தது. மேசையிலேயே செத்தது.

டாக்டர் கை கழுவாமல் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். “வாய்க்கால் மேட்டு நாய் குவாரிக்கு எப்படிப் போச்சு?”

“தெரியலீங்க டாக்டர்.”

குப்புராஜ் வாசலில் நின்றிருந்தார். டாக்டர் அவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

பிரகதிக்கு இரவு தோசை. சட்னி அரைக்கவில்லை.

ஜூலை 9

ஒன்று மட்டும் தானாகவே வளைவுக்குத் திரும்பி வந்துவிட்டதாம். காலை இழுத்துக்கொண்டு. ஒன்பது கிலோமீட்டர்.

ஜூலை 11

குப்புராஜை நிறுத்துவதற்குக் கடிதம் தட்டச்சாகி ஆய்வாளர் மேசையில் இருந்தது. பணியில் அலட்சியம் என்று. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். சாயங்காலம் கமிஷனர் கையெழுத்து போட்டால் முடிந்தது. என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் எப்போதும்போலக் குண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்கு நான் ஆய்வாளர் அறைக்குப் போனேன்.

“குவாரிக்குப் போகச் சொன்னது நான்தாங்க சார்.”

“பதிவேட்டுல வாய்க்கால் மேடுன்னு இருக்குதேம்மா.”

“அதையும் நான்தான் எழுதுனேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா?”

மேசையில் இருந்த கடிதத்தைப் பார்த்தபடி நின்றேன். அவரே பேசினார். “நான் உங்க நிலைமையச் சொல்லி மேல எழுதறேன். சென்னியப்பன் சம்சாரம்னா கமிஷனரும் புரிஞ்சுக்குவாரு. பெருசா ஒண்ணும் வராது.”

“அதை எழுத வேண்டாங்க சார். பதிவேட்டுல பொய் எழுதுனேன்னு மட்டும் எழுதுங்க.”

எனக்குக் குறிப்பாணை வந்தது. தகுதிகாண் பருவம் ஆறு மாதம் நீட்டிப்பு. குவாரியில் மீதி இருக்கும் மூன்றையும் பிடித்து, சிகிச்சை கொடுத்து, அதே வளைவில் கொண்டுபோய் விட வேண்டும் என்று டாக்டர் தனியாக ஒரு உத்தரவு வாங்கிக்கொண்டார். குப்புராஜின் கடிதத்தைக் கிழித்துவிட்டார்கள்.

டாக்டர் என்னிடம் பேசவில்லை. சாயங்காலம் போகும்போது, “ஒரு தடவ மாட்டுன நாய் மறுபடி வலையில சுலபமா மாட்டாது. நீங்களும் வரணும்” என்றார்.

ஜூலை 13

குவாரி. ஒன்றும் கிடைக்கவில்லை. வெயில்.

ஜூலை 16

ஒன்று கிடைத்தது. பிஸ்கட்டுக்கு வந்தது. எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. குப்புராஜ் பின்னாலிருந்து வலை போட்டார்.

ஜூலை 18

வாய்க்கால் மேட்டு வளைவில் சிமெண்டுச் சாக்கில் ஏழு குட்டிகள். பால் மறக்காதவை. டீக்கடைக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். வெளிர் பழுப்பு.

போன மாதம் நகர்மன்றத்தில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும், ஊசி போட வேண்டும், குட்டிகளைத் தெருவில் விட்டால் நடவடிக்கை. நாளைக்கு வளைவைச் சுற்றியுள்ள வீடுகளில் கணக்கெடுப்பு. படிவம் எழுத ஆள் வேண்டும். ஆய்வாளர் தயங்கினார். நான் வருகிறேன் என்றேன்.

குட்டிகளுக்கு டாக்டர் இரண்டு மணிக்கொரு தடவை பால் கொடுக்கிறார். இரண்டு குடிக்கவில்லை.

ஜூலை 19, சனி

காலையில் ஐந்து குட்டிகள்தான் இருந்தன. அட்டைப்பெட்டியில் வைத்து வண்டியில் எடுத்துக்கொண்டோம்.

வாய்க்கால் மேட்டில் இறங்கினேன். பதினைந்து மாதம் கழித்து. வேகத்தடை போட்டிருக்கிறார்கள். வேறு ஒன்றும் மாறவில்லை.

பத்து வீடு பார்த்தோம். எழுதினேன். பதினோராவது மாவு மில். வேலாத்தா அக்கா மேலெல்லாம் கம்பு மாவோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, “வா கண்ணு, வேலைக்குச் சேர்ந்துட்டயாமா, கேள்விப்பட்டனம்மிணி” என்றார். தண்ணீர் கொண்டுவந்தார். குடித்தேன்.

மில்லுக்குப் பின்னால் சங்கிலியில் ஒரு நாய் கட்டியிருந்தது. வெளிர் பழுப்பு, தொங்கிய காது, நெஞ்சில் வெள்ளைத் திட்டு. மடி கனத்துத் தொங்கியது.

“குட்டி போட்டிருக்குதுங்களா?” என்று ஆய்வாளர் கேட்டார்.

“போட்டுச்சுங்க. எல்லாமே செத்துப் போச்சுங்க.”

“எத்தனைங்க?”

“கவனிக்கலீங்க.”

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். நான் வண்டிக்குப் போய் அட்டைப்பெட்டியை எடுத்துவந்து நாய்க்கு முன்னால் வைத்தேன். அது சங்கிலி முறுக இழுத்தது. பெட்டிக்குள் தலையை விட்டு ஒவ்வொன்றாக நக்கியது. பிறகு பக்கவாட்டில் படுத்தது. ஐந்தும் தடவித் தடவிப் போய் மடியில் வாய் வைத்தன.

மில்லில் கம்பு தீர்ந்து இயந்திரம் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. அக்கா போய் அதை நிறுத்திவிட்டு வந்து மாவுச் சாக்கின் மேல் உட்கார்ந்தார்.

“எம்பையன் துணைக்கு இருக்கட்டும்னு வாங்கிக் குடுத்துட்டு துபாய்க்குப் போயிட்டானுங்க. ஆபரேசன் பண்ணா காவல் காக்காதுன்னு சொன்னாங்க. அதும் வயித்துல கத்தி வெக்கறது பாவமுன்னு நானும் உட்டுட்டனுங்க. கொல்ல மனசு வருமுங்களா? டீக்கடைல பன்னு கின்னு போடுவாங்க, பொழச்சுக்கும்னு...”

“எத்தனை வருசமாங்க?” என்றார் ஆய்வாளர்.

“நாலு வருசமாச்சுங்க.”

நான் நோட்டீசை எழுதினேன். பெயர், கதவு எண், பெண் நாய் ஒன்று, பதிவு இல்லை, குட்டிகளைப் பொது இடத்தில் விட்டது. ஐந்து குட்டிகளையும் பால் மறக்கும்வரை அங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு தாயைக் கருத்தடைக்குக் கொண்டுவர வேண்டும். தவறினால் வழக்கு. கார்பன் தாளைச் சரியாக வைத்தேன், நகலிலும் எழுத்து விழுந்தது.

கையெழுத்து வாங்கும்போது அக்கா என் கையைப் பிடித்தார். மாவு ஒட்டியது. “அம்மிணி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்.”

“ஆகஸ்ட் பதினெட்டு, திங்கட்கிழமை, காலையில எட்டு மணிக்குக் கூட்டிட்டு வந்துருங்க. முந்தின ராத்திரி சோறு போட வேண்டாம்” என்றேன்.

ஜூலை 27

குவாரி. இரண்டாவது கிடைத்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. குப்புராஜ் அதைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு, “இதுங்க என்ன பண்ணுச்சு மேடம்” என்றார். குரலில் கோபம் இல்லை. நான் கூண்டின் கொக்கியைப் போட்டேன்.

ஆகஸ்ட் 3

பதினெட்டாம் பெருக்கு. வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கிறது. மாமியார் பிரகதியைக் கூட்டிக்கொண்டு போனார். நான் வீட்டில் இருந்தேன். மிளகாய் காயப் போட்டேன்.

ஆகஸ்ட் 12

மூன்றாவதும் கிடைத்தது. கிழட்டு ஆடு மாதிரி தானாக வந்து நின்றது.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஏழரைக்கே வேலாத்தா அக்கா நாயோடு வந்து வாசலில் நின்றார். மினி ஆட்டோ பிடித்து வந்திருந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார், ஆஸ்பத்திரிக்கு வருகிற மாதிரி. ஐந்து குட்டிகளில் மூன்றை வளர்க்கக் கேட்டவர்கள் எழுதிக் கொடுத்து எடுத்துப் போயிருக்கிறார்கள். ஆறு மாதத்தில் அவற்றுக்கும் கருத்தடை செய்ய வேண்டும். இரண்டு மில்லில் இருக்கின்றன.

மயக்க ஊசி போட்டார்கள். நாய் அவர் காலடியிலேயே மெதுவாகச் சரிந்தது. உள்ளே தூக்கிப் போனதும் அக்கா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

“அன்னைக்குக் குறுக்க போனது என்ர வீட்டுக் குட்டிதான் கண்ணு. மொத நா சாயங்காலம்தான் உட்டுட்டு வந்தேன். அது வூட்டைத் தேடிக்கிட்டு ரோட்டுல வந்திருக்குது.”

கோடு போட்டேன்.

“அவரு ஒண்ணுமே சொல்லலம்மிணி. நான் போறப்பவே பேச்சில்ல. ஆருன்னு பார்க்க அடையாள அட்டைய எடுத்தேன். அதுக்குப் பின்னால உன்ர பேரு எழுதியிருந்துச்சு. உங்கிட்ட எதாச்சும் சொல்லோணும்னு இருந்துச்சு எனக்கு. நெசத்தச் சொல்ல வாய் வரல. அதான் அப்படிச் சொல்லிட்டேன்.”

அழுதார். அவர் அழுவதைப் பார்த்தேன். பெரிய உடம்பு, குலுங்கியது. எழுந்து போய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தேன். குடித்தார்.

“என்னைய ரெண்டு திட்டாச்சும் திட்டு கண்ணு.”

“உள்ள முக்கால் மணி நேரம் ஆகுங்க அக்கா. நீங்க டீ குடிச்சுட்டு வாங்க” என்றேன்.

அவர் போகவில்லை. முக்கால் மணி நேரமும் இருவரும் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம். அறுவை நல்லபடியாக முடிந்தது. எண் 412. பெண், வெளிர் பழுப்பு, வீட்டு நாய். ஐந்தாம் நாள் தையலைப் பார்க்க வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 19

பிரகதிக்குத் தலை பின்னும்போது சொன்னேன். அப்பா கடைசியில் ஒன்றும் பேசவில்லையாம், மில்லுக்கார அக்கா சும்மா சொல்லியிருக்கிறார் என்று.

அவள் தலையைத் திருப்பவில்லை. “அது எனக்கு அப்பவே தெரியும்மா.”

“எப்படி?”

“அப்பா எப்பம்மா உன்னைய கோகிலான்னு கூப்பிட்டாரு? வாணின்னுதானே கூப்பிடுவாரு.”

பின்னலைப் பாதியில் விட்டுவிட்டேன் போலிருக்கிறது. அவளே எடுத்து முன்னால் போட்டுக்கொண்டு முடித்தாள். “நீ அதை நம்பிட்டிருக்கேன்னு நெனச்சேன். அதான் சொல்லல” என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அவள் நம்புகிறாள் என்று.

ஆகஸ்ட் 20

லீவு போட்டேன். நாள் முழுக்கப் படுத்திருந்தேன். மாமியார் இரண்டு தடவை வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

ஆகஸ்ட் 22

குவாரியில் பிடித்த மூன்றுக்கும் எடை கூடியிருக்கிறது. நாளை விடலாம் என்று டாக்டர் சொன்னார். “குப்புராஜே போயிட்டு வந்துடுவாரு” என்றார். நானும் போகிறேன் என்றேன். பதிவேட்டை என்னிடமே கொடுத்தார்.

ஆகஸ்ட் 23, சனி

காலை ஆறரைக்கு வாய்க்கால் மேட்டு வளைவில் வண்டியை ஓரம் கட்டினோம். டீக்கடையில் நான்கைந்து பேர். மில் இன்னும் திறக்கவில்லை.

குப்புராஜ் கூண்டைத் திறந்தார். இரண்டு குதித்து நேராக டீக்கடைக்குப் போயின. அங்கே ஏற்கெனவே காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்த நாய் படுத்திருந்தது. எழுந்து மோந்து பார்த்தது.

மூன்றாவது இறங்கவில்லை. கூண்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது. குப்புராஜ் குச்சியை எடுத்தார். வேண்டாம் என்றேன். நான் கூண்டுக்குள் கையை விட்டேன். இந்த இரண்டரை மாதத்தில் ஒரு நாயைக் கையுறை இல்லாமல் தொட்டது இதுதான் முதல் தடவை. சூடாக இருந்தது. விலா எலும்புக்குள் வேகமாக அடித்துக்கொண்டது. தூக்கிக் கீழே வைத்தேன்.

அது டீக்கடைப் பக்கம் போகவில்லை. ரோட்டைக் கடந்து வாய்க்கால் பக்கம் போகப் பார்த்தது. ரோட்டு நடுவில் போய் நின்றுவிட்டது.

வளைவில் வண்டிச் சத்தம் கேட்டது.

நான் ரோட்டில் இறங்கிவிட்டேன். நாய்க்கு முன்னால் போய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். குப்புராஜ் பின்னாலிருந்து கத்துவது கேட்டது. வண்டி வேகத்தடையில் குதித்து, கிரீச்சிட்டு, எனக்கு இரண்டடி தள்ளி நின்றது. பால் கேன் கட்டிய வண்டி. ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயசு இருக்கும். பதறிப் போயிருந்தார்.

“ஏனுங்க, நடு ரோட்டுல வந்து நிக்கறீங்க? நாய்க்காகவா?”

“மெதுவாப் போங்க” என்றேன். மூச்சு வாங்கியது. “வூட்டுல ஆளு இருப்பாங்க.”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வண்டியை அணைத்துவிட்டுக் காலை ஊன்றிக்கொண்டார். “சரிங்க. அது போகட்டும்.”

நாய் அவரையும் பார்த்தது, என்னையும் பார்த்தது. அவசரமில்லாமல் நடந்து ரோட்டைக் கடந்தது. வாய்க்கால் கரையில் இறங்கி நின்று தண்ணீர் குடித்தது. அது குடித்து முடிக்கும்வரை நாங்கள் இருவரும் நின்றோம்.

அவர் போனபிறகும் கையைக் கீழே இறக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.